படகு கரையில், ரிமோட் கையில்: வாசகர் கேள்வி பதில்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். இந்த நாட்களில் நம் கேள்வி பதில் பகுதிக்கு வருகிற கடிதங்களின் குணமே மாறிவிடும். மற்ற மாதங்களில் டீசல் விலை, பட்டா, வராத பேருந்து. இப்போது முழுக்க டிவி. சமீபத்தில் பார்த்தது எதுவானாலும், பழசோ புதுசோ, எழுதுங்கள் என்று போன இதழில் நாமேதான் கேட்டோம், அதனால் குறை சொல்ல வழியில்லை. வந்தவற்றில் சண்டைக்கு இழுக்கிற கடிதங்களுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறேன்.

கடலுக்குப் போகிற நாளில் டிவி பக்கமே வருவதில்லை. இப்போது உட்கார்ந்தால் எல்லாத் தொடரும் நடுவில் ஓடுகிறது, யார் யாருக்கு என்ன முறை என்றே தெரியவில்லை. வீட்டில் கேட்டால், "மூணு வருசக் கதைய எப்படிச் சொல்றது?" என்கிறாள். தடை முடிவதற்குள் ஆரம்பித்து முடிக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.
*விசைப்படகுத் தொழிலாளி, ராமேஸ்வரம்*

அண்ணே, உங்களுக்கு ஏற்றது 'விலங்கு'. 2022இல் ஜீ5இல் வந்தது, மொத்தமே ஏழு பகுதி, இரண்டு ராத்திரியில் முடித்துவிடலாம். விமல்தான் எஸ்.ஐ. பரிதி, திருச்சிப் பக்கத்து வேம்பூர் ஸ்டேஷன். காட்டில் ஒரு பிணம் கிடைக்கிறது, அதிலிருந்து கதை. கொலைகாரன் யார் என்பதை விட எனக்குப் பிடித்தது அந்த ஸ்டேஷன். மேலதிகாரியிடம் திட்டு வாங்குவது, வீட்டிலிருந்து வருகிற போனை எடுக்க முடியாமல் தவிப்பது, எழுத்து வேலை, தூக்கமில்லாத ராத்திரி என்று போலீஸ் வேலையை ஒரு வேலையாகக் காட்டியிருக்கிறார்கள். நம் சினிமா போலீஸ் யாரும் ரிப்போர்ட் எழுதி நான் பார்த்ததில்லை.

அடுத்து 'அயலி', அதுவும் ஜீ5தான், 2023 ஜனவரி, எட்டுப் பகுதி. இதை நீங்கள் தனியாகப் பார்க்காதீர்கள், வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் கூட உட்கார வையுங்கள். தொண்ணூறுகளில் புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்று ஒரு ஊர், அங்கே பெண் வயசுக்கு வந்துவிட்டால் படிப்பு நின்றுவிடும், கல்யாணம்தான். தமிழ்ச்செல்வி என்கிற பிள்ளைக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை, அதனால் வயசுக்கு வந்ததையே மறைத்துவிடுகிறாள். மறைத்த விஷயம் எப்போது வெளியே வருமோ என்று நாம் பதறுகிறோம், ஆனால் நடுநடுவே சிரித்துக்கொண்டும் இருக்கிறோம். இப்படி ஒரு விஷயத்தைச் சிரிக்க வைத்துச் சொல்வது சுலபமில்லை. அம்மாவாக வருகிற அனுமோள் பேசாமலே நடிக்கிற இடங்களை விட்டுவிடாதீர்கள்.

இரண்டையும் முடித்த பிறகும் நாள் மிச்சமிருந்தால் 'சுழல்' முதல் பாகம். இரண்டாம் பாகத்தைப் பற்றி உச்சிப்புளி வாசகர் கேட்டிருக்கிறார், கீழே வருகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தொடர் பார்ப்போம். பனியில் ஒரு சின்னப் பெண் தலையில் துணி சுற்றிக்கொண்டு நடப்பாள், யார் வீட்டிலோ வேலை செய்வாள், பார்த்து அழுவோம். பேசுவது தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. பெயர் தெரியவில்லை, என் பிள்ளைகளிடம் சொன்னால் கனவு கண்டிருப்பாய் என்கிறார்கள்.
*வாசகி, மண்டபம்*

கனவே இல்லை அக்கா, அது 'ஓஷின்'. ஜப்பான் தொடர். அங்கே என்.எச்.கே. தொலைக்காட்சியில் 1983 ஏப்ரலில் தொடங்கி 1984 மார்ச் வரை தினமும் காலையில் கால் மணி நேரம் ஓடியது, மொத்தம் 297 பகுதி. அந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் இதைப் பார்த்தன, சராசரியே 52 சதவீதத்துக்கு மேல். அப்புறம் உலகம் முழுக்கப் போய், இலங்கை ரூபவாஹினிக்கும் வந்தது. நீங்கள் பார்த்தது ரூபவாஹினியில்.

இளசுகளுக்காக ஒரு வார்த்தை: தூர்தர்ஷனின் சென்னை நிலையம் 1975லேயே வந்துவிட்டாலும் அதன் அலை இவ்வளவு தூரம் எட்டாது. 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினிக்கோ இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகல மலை மேல் ஒளிபரப்புக் கோபுரம், நடுவில் மறைக்க அவ்வளவு உயரமாக ஒன்றும் கிடையாது, கரை தாண்டினால் கடல்தான். கோடையில் கடல் மேலே சூடான காற்று ஒரு மூடி மாதிரி படியும்போது அலை இன்னும் தூரம் போகும். அதனால் மண்டபம், பாம்பன், தொண்டி வரைக்கும் மூங்கில் கழியில் ஆண்டெனா கட்டி தென்கிழக்குப் பார்த்துத் திருப்பி வைத்தால் போதும். நம் மாடிகளில் ஆண்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்தே அந்த வீட்டில் கிரிக்கெட் ஓடுகிறதா என்று சொல்லிவிடலாம் என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

கதைக்கு வருகிறேன், ஏனென்றால் பாஷை புரியாமல் நீங்கள் விட்டது நிறைய இருக்கும். யமகாட்டா என்கிற குளிர்ப் பிரதேசத்தில் குத்தகை விவசாயி வீட்டுப் பெண் ஓஷின். ஏழு வயசில் ஒரு மூட்டை அரிசிக்காக மரக்கடைக்காரர் வீட்டு வேலைக்கு அனுப்பப்படுகிறாள். மொகாமி ஆற்றில் மிதவையில் அவளை ஏற்றிவிடும்போது அப்பா கரையோரமாகவே ஓடி வருவார். அங்கே காசு திருடிவிட்டாள் என்று பழி வரும், பனியில் ஓடிப்போவாள், பட்டாளத்திலிருந்து தப்பி வந்து மலையில் ஒளிந்திருக்கிற ஒருவர் காப்பாற்றி எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். நீங்கள் அழுதது இந்த இடங்களில்தான் இருக்கும், குட்டி ஓஷினாக நடித்த அயாகோ கொபயாஷியைப் பார்த்து அழாத நாடே கிடையாது. ஆனால் அந்தக் குழந்தை வருவது கொஞ்ச நாள்தான், பிறகு பெரியவளாகி தோக்கியோவில் தலை அலங்காரத் தொழில் கற்று, துணி வியாபாரம் பார்த்து, எல்லாம் இழந்து, கடைசியில் இசே என்கிற கடலோர ஊருக்கு வந்து வண்டியில் மீன் வைத்துத் தெருத்தெருவாக விற்பாள். அங்கிருந்துதான் கடை, அப்புறம் பெரிய பல்பொருள் அங்காடி. மீன்கார அம்மா முதலாளி ஆன கதையைத்தான் மண்டபத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள், அது தெரியாமலே.

பாஷையே புரியாத தொடர் ஏன் நம் கரையில் நின்றது என்பதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. அதில் எல்லோரும் வேலை செய்கிறார்கள். அரிசி களைகிறாள், பிள்ளை சுமக்கிறாள், முடி திருத்துகிறாள், மீனைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். ஒரு மூட்டை அரிசியின் மதிப்பு என்ன என்று வசனம் இல்லாமலே தெரிகிறது. நம் தொடர்களை எடை போடவும் நான் இதைத்தான் வைத்திருக்கிறேன்: இதில் யாராவது உழைக்கிறார்களா, பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அந்த வீட்டில் நடக்கிற சண்டை எதுவும் என் மனசில் ஒட்டுவதில்லை.

எங்கம்மா யூடியூபில் 'மெட்டி ஒலி' பார்க்கிறார், இப்போது வருகிற தொடர்கள் அதன் தூசுக்குப் பெறாது என்கிறார். பழசு என்பதால் சொல்கிறாரா, நிஜமாகவே நல்ல தொடரா?
*கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்*

நிஜமாகவே நல்ல தொடர், ஆனால் அம்மா சொல்கிற அளவுக்கு எல்லாப் பழசும் நல்லது இல்லை.

'மெட்டி ஒலி' 2002இலிருந்து 2005 வரை சன் டிவியில் ஓடியது, எண்ணூறு பகுதிக்கு மேல். இயக்கம் திருமுருகன், அதில் கோபியாக நடித்ததும் அவரே. மனைவி இல்லாத சிதம்பரம் என்கிற அப்பா, டெல்லி குமார், ஐந்து பெண்கள். முதல் வாரத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம் பாருங்கள், இவர் எப்படி ஐந்து பேரையும் கரையேற்றுவார் என்று. கதை முழுக்க அந்தக் கணக்கு பின்னாடியே ஓடிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பலகாரம் வாங்கக்கூட யோசிக்கிற வீடு அது, நம் வீடு மாதிரியே இருந்தது. சரோவின் மாமியார் ராஜமாக வந்த சாந்தி வில்லியம்ஸ் கத்துவதைப் பார்த்து ஊரே சபித்தது, ஆனால் அந்த அம்மாள் விஷம் வைக்கவில்லை, அடியாள் வைக்கவில்லை, சாப்பாட்டுத் தட்டை வைக்கிற விதத்திலேயே மருமகளைக் கொல்வார். இப்போது ஒரு மாமியார் கெட்டவள் என்று காட்ட ஒரு கடத்தலாவது தேவைப்படுகிறது. மகன் மாணிக்கமாக வந்த சேத்தனும் முழுக்கக் கெட்டவன் கிடையாது, அம்மா பேச்சு கேட்கிற ஆம்பளை, நம் தெருவில் நாலு பேர் உண்டு.

ஆனால் இன்றைக்கு உட்கார்ந்து பார்த்தால் பொறுமை போகும். ஒரு சொல்லுக்கு ஐந்து முகத்தைக் காட்டுவது அன்றைக்கும் இருந்தது. அதே காலத்தில் வந்த 'கோலங்கள்' எவ்வளவு நல்ல தொடக்கம்! தேவயானி அபியாக, வீட்டையும் சுமந்து கட்டுமானத் தொழிலிலும் நிற்கிற பெண். 2003இல் தொடங்கி 2009 வரை 1,500 பகுதிக்கு மேல் போனதில், கடைசியில் வில்லன் ஆதியை என்ன செய்வது என்று அவர்களுக்கே தெரியவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. அதைப் பற்றி அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

பழசில் நான் மறுபடி மறுபடி பார்ப்பது 'மர்மதேச'த்தின் 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கியது, தொண்ணூறுகளில் சன் டிவியில் வந்தது. ஊரில் தப்பு செய்கிறவர்களைக் கருப்பசாமி குதிரையில் வந்து தண்டிக்கிறார் என்று ஊரே நம்புகிறது, படித்தவர்கள் நம்ப மறுக்கிறார்கள், கதை இரண்டு பக்கமும் சாயாமல் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகிறது. நம் பக்கம் கருப்பு கோயில் இல்லாத கிராமம் உண்டா? அந்தக் குளம்புச் சத்தம் வரும்போது கொல்லைப்புறம் போக ஆள் துணை தேடியவர்கள் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இதிலும் சேத்தன் உண்டு, தேவதர்ஷினியும் உண்டு, பிறகு நிஜத்திலும் கணவன் மனைவி ஆனார்கள். எழுதியவர் 2024 நவம்பரில் காலமாகிவிட்டார். இதை ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், அம்மாவையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

'எதிர்நீச்சல்' தொடரில் மாரிமுத்துவுக்குப் பிறகு நம்ம பெருநாழி ஆள் வேல ராமமூர்த்தி ஆதி குணசேகரனாக வந்தார். ஊர்க்காரர் என்பதால் நாங்கள் கைதட்டினோம். மற்றவர்கள் பழைய ஆள் மாதிரி இல்லை என்றார்கள். நேர்மையாக உங்கள் கருத்து?
*வாசகர், சாயல்குடி*

நேர்மையாகச் சொன்னால் சாயல்குடி பக்கம் வர முடியாமல் போகும், பரவாயில்லை.

'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கியது. இயக்கியவர் திருச்செல்வம், மேலே சொன்ன 'கோலங்கள்' எடுத்தவரேதான். ஒரு பெரிய வீடு, நாலு அண்ணன் தம்பி, அந்த வீட்டுக்கு வாழ வந்த நாலு படித்த பெண்கள், எல்லோர் கழுத்திலும் காலை வைத்துக்கொண்டு மூத்தவர் குணசேகரன். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி மாரிமுத்து டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். தொடர் நிற்குமா ஓடுமா என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் வேல ராமமூர்த்தி வந்தார். அந்த நிலைமையில் வந்து நின்றதற்கே அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும், ஊரே அழுதுகொண்டிருக்கிற ஒருவரின் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் திட்டுதான் விழும்.

ஆனால் வித்தியாசம் இருந்தது. மாரிமுத்துவின் குணசேகரன் உள்ளுக்குள் ரொம்பச் சின்ன மனுஷன். வீம்பு பேசுவார், யாராவது திருப்பிக் கேட்டால் ஒரு நொடி முழிப்பார், பிறகு இன்னும் சத்தமாகக் கத்துவார். அந்த ஒரு நொடி முழியில்தான் எல்லாம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு அநியாயம் பண்ணியும் ஜனங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், அவர் பேச்சைப் பிள்ளைகள்கூட நடித்துக் காட்டின. நம் வேல ராமமூர்த்தி பட்டாளத்தில் இருந்தவர், தபால் துறையில் இருந்தவர், இந்த மண்ணின் சனங்களை எழுதியவர். அந்த மீசையும் பார்வையும் வந்து நின்றால் முழிக்கிற ஆளாகத் தெரியாது, பயமாக இருக்கும். நடிப்பில் குறை இல்லை. ஆனால் கேலி செய்யப்பட வேண்டிய பாத்திரம் பயப்பட வேண்டிய பாத்திரம் ஆனதும் தொடரின் ருசியே மாறிவிட்டது. நாலு பெண்களும் அடுப்படியில் கூடி அவரைப் பற்றிக் கிசுகிசுத்துச் சிரிப்பதுதான் இந்தத் தொடரிலேயே உயிரான இடம், அந்தச் சிரிப்பு குறைந்துபோனது.

2024 ஜூனில் முடித்தார்கள், அந்த வருசக் கடைசியிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி தொடங்கினார்கள். நான் கொஞ்ச நாள் பார்த்து விட்டுவிட்டேன். ஒரே வாசலில் எத்தனை தரம் மறித்துக்கொண்டு நிற்பார்கள்?

என் வீட்டுக்காரர் சென்னை மண்ணடியில் கடை வைத்திருக்கிறார். போனில் சந்தா கட்டி 'சிறகடிக்க ஆசை'யை டிவியில் வருவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டு, மத்தியானமே எனக்கு போன் பண்ணிக் கதையைச் சொல்லிவிடுகிறார். எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை.
*வாசகி, கீழக்கரை*

லாத்தா, இது குறையா, பெருமையா? கடையில் வியாபாரம் நடுவே மீனாவுக்கு என்ன ஆச்சு என்று கவலைப்பட்டு போன் போடுகிற மனுஷன் ஊரில் எத்தனை பேர்? ஆனாலும் அநியாயம் அநியாயம்தான். நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள், ஊர்ச் செய்தியைப் பாதி சொல்லிவிட்டு "மீதி ராத்திரி ஒன்பதரைக்கு" என்று போனை வைத்துவிடுங்கள்.

தொடரைப் பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில் விஜய் டிவியில் தொடங்கிய இந்தத் தொடரில் மீனா பூக்கட்டி விற்கிறவள், முத்து கார் ஓட்டுகிறவன். மாமியார் விஜயாவுக்குப் பணக்கார மருமகள் என்றால் வெல்லம், பூக்காரி என்றால் வேம்பு. ரோகிணி தன் பழைய வாழ்க்கையை மறைத்துக்கொண்டு நாளைத் தள்ளுகிறாள், வருசக்கணக்காக மாட்டப் போகிறாள், மாட்டப் போகிறாள் என்று இழுத்ததில் எனக்கு அவள் மேல் பரிதாபமே வந்துவிட்டது. இழுவையை விட்டுத் தள்ளுங்கள், பூவை மொத்தமாக வாங்கி, கட்டி, வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்து, அன்றைய காசை எண்ணி முடிகிற ஒரு பெண்ணை நாயகியாக வைத்திருக்கிறார்கள், அதற்காகவே பார்க்கலாம். படித்த மூத்த பிள்ளை மனோஜ் வேலைக்குப் போகாமல் ஏமாந்துகொண்டே இருப்பதும் முத்து ராப்பகலாக ஓட்டுவதும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது சரியாகச் சிரிப்பு வருகிறது.

ஞாயிறு காலையில் 'ராமாயணம்' ஓடும்போது ராமேஸ்வரம் தெருவே காலியாக இருக்கும் என்று தாத்தா சொல்கிறார். இந்தி தெரியாதவர்கள் எப்படிப் பார்த்தார்கள்?
*பத்தாம் வகுப்பு, தொண்டி*

தாத்தா சொல்வது நிஜம், இந்தியா முழுக்க அப்படித்தான். ராமானந்த் சாகர் எடுத்த அந்தத் தொடர் 1987 ஜனவரி 25இலிருந்து 1988 ஜூலை வரை, 78 பகுதி. டிவி இருந்த வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே உட்கார இடமில்லாமல் நிற்பார். கதை எல்லோருக்கும் தெரியும், பாஷை எதற்கு? அடுத்து யார் வருவார், என்ன சொல்வார் என்று பாட்டிமார்கள் முன்னாலேயே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சேதுவில் அணை கட்டுகிற காட்சி வரும்போது நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு தனி உரிமை, "இது நம்ம கடல்" என்று. எடுத்தது என்னவோ குஜராத்தின் உமர்காமில். சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991இல் குஜராத்திலிருந்தே எம்.பி. ஆனார்கள் என்பதையும் தாத்தாவிடம் சொல்லுங்கள். 2020 ஊரடங்கில் மறுபடி போட்டபோது, ஏப்ரல் 16ஆம் தேதி ஒரே நாளில் ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் அறிவித்தது. நானும் கொஞ்சம் பார்த்தேன். அம்புகள் நடுவானில் மோதிக்கொள்ளும் இடம் இன்றைக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் ராமராக நடித்த அருண் கோவிலின் அந்தப் பாதிச் சிரிப்புக்கு இன்னும் மாற்று வரவில்லை.

பாட்டுப் போட்டிகளில் இப்போது அழுகைதான் அதிகம், பாட்டு குறைவு. ஒத்துக்கொள்கிறீர்களா?
*வாசகர், ஏர்வாடி*

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் நன்றாகவே பாடுகிறார்கள், முன்னைவிட நன்றாக. பாடி முடித்ததும் வீட்டுக் கஷ்டத்தைப் படம் போட்டு, அம்மாவை மேடைக்கு அழைத்து, நடுவர் கண்ணைத் துடைத்து, அப்புறம் விளம்பரம். சன் டிவியில் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' ஞாபகம் இருக்கிறதா? நம் கரைக்கு அவர் குரல் இலங்கை வானொலியிலிருந்தே பழக்கம், டிவியில் முகம் பார்த்தபோது பழைய ஆளைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. ஒரு எழுத்தைச் சொல்வார், பாட வேண்டும், சொல் தப்பினால் அன்பாகவே வெளியே அனுப்பிவிடுவார். தமிழை அவ்வளவு சுத்தமாக, ஆனால் பயமுறுத்தாமல் பேசிய தொகுப்பாளர் அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்து வரவில்லை.

புயல் வந்தால் செய்திச் சேனல் எல்லாம் பாம்பனுக்கு வந்துவிடுகின்றன. எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டே "பாம்பனில் மக்கள் பீதி" என்கிறார்கள். நாங்கள் பின்னாடி டீ குடித்துக்கொண்டிருக்கிறோம்.
*வாசகர், பாம்பன்*

பார்த்தேன், டீ கிளாஸோடு நிற்கிற அந்தக் கூட்டத்தில் நீங்களும் ஒருவரா? காற்றில் குடை திரும்புகிற வரை அந்தப் பையன்களும் நகரமாட்டார்கள், அவர்கள் பாடு அது. எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினால் திரையில் சிவப்பு எழுத்தில் அலறுகிறார்கள், அந்த எண்ணுக்கு என்ன பொருள், ஒன்றிலிருந்து பதினொன்று வரை எதற்கு எது என்று யாரும் சொல்வதில்லை. கூண்டைப் பார்த்ததும் வலையை எடுத்து வைக்கிற உங்களுக்குத் தெரிந்தது ஸ்டுடியோவில் கோட் போட்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவில்லை.

தொடரோ சினிமாவோ, கடற்கரை ஆட்கள் என்றால் லுங்கியைத் தூக்கிக் கட்டிய ரவுடி, இல்லாவிட்டால் கடத்தல்காரன். 'சுழல்' இரண்டாம் பாகத்தில்கூடக் கடலோர ஊர் வருகிறது, ஒரு வலை பின்னுகிற ஆளைக்கூடக் காணோம். உங்களுக்கு இது உறுத்தவில்லையா?
*வாசகர், உச்சிப்புளி*

உறுத்துகிறது. 2025 பிப்ரவரியில் வந்த அந்த இரண்டாம் பாகம் காளிபட்டினம் என்கிற கற்பனை ஊரில், அஷ்டகாளித் திருவிழாவின்போது நடக்கிறது. வேஷம் கட்டிய கூட்டம், தாரை தப்பட்டை, நிறம், எல்லாம் கண்ணுக்கு விருந்து. வக்கீலாக வருகிற லால் கொல்லப்படுகிறார், எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு பக்கமிருந்து நான்தான் செய்தேன் என்கிறார்கள், பிடிமானமான முடிச்சுதான். ஆனால் கடல் அங்கே திரைச்சீலை. முதல் பாகத்தில் சிமென்ட் ஆலை இருந்தது, வேலைநிறுத்தம் இருந்தது, யூனியன் தலைவராகப் பார்த்திபன் இருந்தார், அதனால் அந்த ஊர் ஊராக இருந்தது. இரண்டாம் பாகத்தில் ஊர்க்காரர்கள் திருவிழா இல்லாத நாளில் என்ன செய்து சாப்பிடுகிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

நம் கரையில் கதைக்கா பஞ்சம்? பாசி எடுக்கிற பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் வல்லத்தில் ஏறி மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் போய், விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்த 21 தீவும் 1986இலிருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அதனால் வனத்துறையோடு தீராத இழுபறி. பாசி வளர வேண்டுமே என்று மாசத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்தார்கள். ஒருத்தி அந்தக் கட்டுப்பாட்டை மீறினால்? வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, அதனால் மீறினால்? மற்ற பெண்கள் அவளை என்ன செய்வார்கள்? இதில் மாமியார் உண்டு, கடன் உண்டு, அதிகாரி உண்டு, பாசி வாங்குகிற ஏஜெண்டு உண்டு. விஷமும் கடத்தலும் இல்லாமலே ஆயிரம் பகுதி ஓடும். நாயகி தண்ணீருக்குள் இருக்கும்போது கண் மை கலையும், அது ஒன்றுதான் சேனல்காரர்களுக்குச் சங்கடம்.

'குக்கு வித் கோமாளி'யில் நம் பக்கத்துக் குழம்பை யாராவது வைப்பார்களா? என் அத்தைக்குப் போகணும் என்று ஆசை.
*வாசகி, தேவிப்பட்டினம்*

அதில் போட்டியாளர்களாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே திரையில் தெரிந்த முகங்கள், அதனால் அத்தை முதலில் ஒரு தொடரில் அழ வேண்டியிருக்கும். 2019 கடைசியில் விஜய் டிவியில் தொடங்கியபோது அந்தச் சமையல் நிகழ்ச்சியின் குறும்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, தாமுவும் வெங்கடேஷ் பட்டும் நடுவர் என்பதை மறந்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். 2024இல் பட் சன் டிவிப் பக்கம் போய், அவர் இடத்துக்கு மாதம்பட்டி ரங்கராஜ் வந்த பிறகு இரண்டு சேனலிலும் மாறி மாறிப் பார்த்தேன். சமையல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அந்தக் கூட்டாளிச் சிரிப்புதான் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அத்தைக்கு எப்படியாவது இடம் கிடைத்தால் வெட்டித் துண்டு போட்ட மீனை வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முழுக் கணவாய் கேட்டு வாங்கி, மேடையிலேயே சுத்தம் செய்யட்டும். மை தெறித்துக் கோமாளி ஓடுவதைப் பார்க்க நான் சந்தா கட்டக்கூடத் தயார்.